எரிகல்லும் டார்ச் லைட்டும்

ஒரே ஒரு ஊர், ஊருக்குள் ஒரே ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு போட்டோகிராபர் குடியிருந்தார், கீழே ஒரு டெய்லர்.

எரிகல் மழை பொழியப்போகிறது என்று செய்தி வந்ததும் போட்டோகிராபருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் மனைவிதான் கீழ்வீட்டுக்கும் கேட்கிற குரலில் கடிவாளம் போட்டாள்.

"ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஒரு எரிகல்லையாவது படம் பிடிச்சுட்டு வாங்க. தூங்கிட்டு வெறுங்கையோட வந்தா கேமராவை வித்துடணும். சம்மதமா?"

சம்மதம் என்று மொட்டைமாடிக்குப் போனவர், காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கி வந்தார். இமை கொட்டவில்லை என்று சாதித்தார். கேமரா மட்டும் விடிய விடியத் தானாகவே எடுத்துத் தள்ளியிருந்தது.

படங்களைத் திறந்தால், வானத்தையே காணோம். சுண்ணாம்பு அடித்த மாதிரி எல்லாவற்றிலும் டார்ச் லைட் வெளிச்சம்.

அந்த மாடிப்படியில் ஏறக்கூடிய இன்னொரு ஆள் டெய்லர்தான். கூப்பிட்டதும் கழுத்தில் டேப்போடு வந்து நின்றார்.

போட்டோகிராபர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். வெளிச்சம் பட்டால் படம் பாழாகும் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்றார்.

"என்மேல அவ்வளவு வயித்தெரிச்சலாண்ணே உங்களுக்கு?"

டெய்லர் பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கேமராவையும் பார்த்தார்.

"தப்பு என்மேலதாம்மா. புழுக்கமா இருக்கேன்னு காத்து வாங்கப் போனேன், டார்ச்சை அணைக்கத் தோணல. தம்பி பாவம், கொட்டக் கொட்ட முழிச்சுட்டுதான் இருந்தாரு."

மனைவிக்கு மனசு இளகிவிட்டது. முழித்தவருக்குப் பலன் இல்லாமல் போனதே, கேமரா இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போட்டோகிராபர் திருதிருவென்று விழித்தார்.

"அண்ணே... நான் தூங்கினதைப் பார்த்தீங்கதானே?"

டெய்லர் குரலைத் தாழ்த்தினார்.

"மாடிக்குக் கைப்பிடிச்சுவர் இல்ல தம்பி. குறட்டைச் சத்தம் ஓரத்துலேர்ந்து வருதேன்னு ஏறிப் பார்த்தா, உருண்டு உருண்டு விளிம்புக்கே வந்துட்டீங்க. இழுத்துப் போட்டா மறுபடியும் உருளுறீங்க. எழுப்பினா என்னைத் திட்டிட்டுத் திரும்பிப் படுக்கிறீங்க. அப்புறம் டார்ச்சை வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நானே ஓரத்துல உட்கார்ந்துட்டேன்."



இரண்டு படி இறங்கிய டெய்லர் நின்று திரும்பினார்.

"ஆனா ஒண்ணு தம்பி, எரிகல்லு எல்லாம் ரொம்ப அழகா விழுந்துச்சு."

கொட்டாவி விட்டபடியே இறங்கிப் போனார்.