ஆளுக்கு ஒண்ணு

ஒரே ரிப்பனை மூன்று கத்தரிக்கோல்கள் வெட்டுகின்றன. துணைவேந்தர், ஆலை முதலாளி, அரசுச் செயலாளர். யாருக்கும் குறை வரக்கூடாதே. சுவரில் ‘தொழில் அடைகாப்பகம்’ என்ற எழுத்துகள் நீலமாக ஒளிர்கின்றன. அந்த எழுத்துகளின் வயர் நேரே கீழிறங்கி, மூலையிலுள்ள பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிய இடத்தில் செருகப்பட்டிருக்கிறது. பெட்டி, ஆராய்ச்சி மாணவி செய்த மலிவு விலைக் குஞ்சு பொரிக்கும் கருவி. புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இந்த இடத்தின் முதல் தொழிலே அதுதான். உள்ளே அறுபது முட்டைகள். இன்னும் இரண்டே நாளில் ஓடு உடைய வேண்டும். விழாவுக்காக நேற்றிலிருந்து பூட்டிய அறைக்குள் அவளை இப்போதுதான் விட்டார்கள். மூடியைத் திறந்து உள்ளே கை வைத்தவள் கையை எடுக்கவில்லை.

“யாருண்ணே பிடுங்கினது?”

“நேத்து காலைல எழுத்து எரியுதான்னு பாக்கச் சொன்னாங்க. இருந்ததே ஒரு பிளக் பாயிண்டுதாம்மா,” என்கிறார் எலக்ட்ரீஷியன், தரையைப் பார்த்து.

கேமரா இந்தப் பக்கம் திரும்புகிறது. “இதுதான் நம்ம தலைப்பிள்ளை,” என்று துணைவேந்தர் பெட்டியைத் தட்டிக்கொடுக்கிறார். “ஒரு முட்டை எடுத்து சார் கையில குடும்மா.”

கொடுக்கிறாள். செயலாளர் சிரிப்புக் கலையாமல் கேட்கிறார்: “என்னம்மா, சில்லுன்னு இருக்கு?”

அவள் இன்னும் இரண்டை எடுத்து மற்ற இருவர் கையிலும் வைக்கிறாள்.

“கூமுட்டை சார். ஆளுக்கு ஒண்ணு.”