பழைய சத்தம்

ஞாயிற்றுக்கிழமை. டிவியில் படம் முடிந்த கையோடு யாரோ கதவைத் தட்டினார்கள். ஜெயசீலன் திறந்தான். அதே லயத்து வரிசையில் பக்கத்து அறையான அடுத்த காம்பிராவில் இருக்கும் ரெஜினா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

“சத்தம் கூடிப்போச்சாக்கா? இனிமே குறைச்சிர்றேன்.”

“கூடினா என்ன தம்பி? இன்னைக்குப் படத்தை ஏன் மாத்துன?”

“மாத்தலையே. அதே பழைய இங்கிலீஷ் விண்வெளிப் படந்தான். சத்தத்தை மட்டும் புதுசாச் சேத்து விட்டிருக்காங்க. நேத்துத்தான் பதுளையில வாங்குனேன்.”

“கெடுத்துட்டானுங்க! கடைசியில தொரை சாகுறப்ப மூச்சு இழுப்பாரே, அது எங்க? மேளத்தப் போட்டு அமுக்கிட்டானுங்க. பழசுல அந்த இடத்துல நான் அழாத நாளில்ல.”

ஜெயசீலனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “பழைய சத்தம், புதுச் சத்தம் ரெண்டும் ஒண்ணுதானே” என்று அவனைக் கேலி செய்யாத ஆள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலேயே கிடையாது. வித்தியாசம் தெரிந்த ஒரு காது இப்போதுதான் அகப்பட்டிருக்கிறது.

“உள்ள வாங்கக்கா, பழசையே போடுறேன்.”

கடைசிக் காட்சி ஓடியது. அக்கா திரையை உற்றுப் பார்த்தார்.

“தொரை எங்க தம்பி?”

“இந்தா, மூச்சு இழுக்குதே, இதான்.”

திரையில், பால் டின் தலையோடு ஓர் இயந்திர மனிதன் கிடந்தான்.

“அக்கா, நீங்க இந்தப் படத்தைப் பாத்ததில்லையா?”

“நான் எங்க பாத்தேன்? நடுச்சுவருதான் கூரையில முட்டாம நிக்குதே. ஆறு மாசமா அங்கிட்டு உக்காந்து கேட்டதுதான்.” அக்கா மறுபடி திரையைப் பார்த்தார். “அடப்பாவி, இந்தத் தகரத்துக்கா நான் மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்துனேன்?”

அதற்குள் மூச்சு நின்றது. அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.