நிரூபிக்க வேண்டியவர்

"இதை நீங்கதான் பூசணும், அண்ணாச்சி. அவங்க உங்களைத்தான் கேட்டாங்க."

ரகுபதி நீட்டிய உள்ளங்கையில் மடித்த பன்னீர் இலை ஒன்று இருந்தது. உள்ளே திருச்செந்தூர் விபூதி. சுயம்புலிங்கம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடையாறில் ஒரு மருத்துவமனையின் வராந்தா அது. உள்ளே சுயம்புலிங்கத்தின் மனைவி பங்கஜம் பச்சை அங்கியில் படுத்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று முந்தாநாள் டாக்டர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போகும் முன் கணவர் தன் கையால் செந்தூர் விபூதி பூசிவிட வேண்டும். அதைத்தான் அவர் முடியாது என்று மறுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு கொண்டு வந்தா?"

"நம்ம கஸ்டமர் ஒருத்தர். ஊருக்குப் போயிருந்தாரு."

"நேத்தெல்லாம் நீ எங்க போன? போனையும் எடுக்கல."

"ஒரு ரிப்பேர் வேலை, அண்ணாச்சி." ரகுபதியின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

தி.நகரில் சுயம்புலிங்கத்துக்குப் பாத்திரக்கடை. பக்கத்திலேயே ரகுபதிக்கு மிக்ஸி ரிப்பேர் கடை. முப்பது வருஷமாக இருவருக்கும் மத்தியான டீ ஒன்றாகத்தான். டீயோடு கடவுளைப் பற்றி ஒரு சண்டையும் தவறாமல் உண்டு. ஒருவர் இருக்கிறார் என்பார், மற்றவர் இல்லை என்பார். டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.

"எனக்கு நம்பிக்கை இல்ல வே. என்னை விட்டுரு."

"நம்பிக்கை இல்லாட்டி இன்னா, கை கீதே."

"விளையாடாத. அப்படி ஒருத்தன் இருக்கான்னு நிரூபி, பூசுதேன். இருக்கான்னு சொல்லுதவன்தான் நிரூபிக்கணும். அதுதான் நியாயம்."

முப்பது வருஷம் வாதம் செய்த ரகுபதிக்கு இன்று நாக்கு புரளவில்லை.

"இல்லைன்னு நீங்க நிரூபிச்சிட்டீங்களா? கண்ணுல படலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? கரண்ட் கூடத்தான் கண்ணுக்குத் தெரியல."

"கரண்டைத் தொட்டா அடிக்கும். போன தடவை நெத்தி நிறைய விபூதியோடதான் இவ உள்ள போனா. ரெண்டு வருஷத்துல நோவு மறுபடியும் வந்துட்டு. இதைவிட என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

ரகுபதி இலையைக் கசக்காமல் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கோர்ட்ல கூட சந்தேகத்தின் பலன்னு ஒண்ணு குடுக்கறாங்க, அண்ணாச்சி. கொலை கேஸுக்கே உண்டு. இவருக்கும் ஒரு தடவை குடுத்துப் பாருங்களேன்."

"இதையெல்லாம் உன் வாயால கேக்க வேண்டியிருக்கு பாரு." சுயம்புலிங்கத்தின் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கு வே. அவ போயிருவாளோன்னு பயம். பயத்துல ஒருத்தன் காலைப் பிடிச்சா அது பக்தியா? பொய். இந்த நேரத்துல அவ நெத்தியில பொய்யைப் பூசச் சொல்லுதியா?"

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பங்கஜம் கூட வந்தவங்க யாரு? தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறோம். பார்க்கணும்னா இப்பவே பார்த்துடுங்க."

சுயம்புலிங்கம் எழவில்லை. ரகுபதி அவர் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"யார் நிரூபிக்கணும்னு நாம அப்புறமா சண்டை போட்டுக்கலாம். அவங்க ஆதாரம் கேக்கல, அண்ணாச்சி. நீங்க இப்படியே உக்காந்துகினு இருந்தா, புருஷனே கைவிட்டுட்டாருன்னு நெனச்சுக்கினு உள்ள போவாங்க. அது மட்டும் வேணாம்."

சுயம்புலிங்கம் எழுந்தார். பிறகு இலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பங்கஜம் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று விரலால் ஒரே இழுப்பு. கோடுகள் கொஞ்சமும் கோணவில்லை.

"கை மறக்கலையே," என்றாள் அவள். "ரெண்டு மாசமா நீங்க பூஜை ரூம் பக்கமே போகல. எல்லாத்தையும் விட்டுட்டீகன்னுல்லா நெனச்சேன்."

அவர் அழுதார். அதை அவளிடமிருந்து மறைக்கவும் இல்லை.

"செந்தூர் இலை எப்படிக் கிடைச்சுது?"

"ரகுபதிதான் குடுத்தான். யாரோ கஸ்டமர் கொண்டு வந்தாராம்."

பங்கஜத்தின் பார்வை கதவருகே நின்ற ரகுபதியின் மேல் போய் நின்றது. முகத்தைப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே பார்த்தாள். வறண்ட உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"செந்தூர்ல ஆம்பளைகளைச் சட்டையோட உள்ள விட மாட்டாக, அண்ணே. திரும்ப மாட்டுற அவசரத்துல பொத்தானை மாத்திப் போட்டிருக்கீக பாருங்க."

'கடவுள் இருக்கிறார் என்று சொல்பவன்தான் நிரூபிக்க வேண்டும்' என்று முப்பது வருஷமாகத் தெருமுனைக் கூட்டங்களில் முழங்கி வரும் ரகுபதி, தலையைக் குனிந்து, தன் கறுப்புச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டினார்.