மலைக்குப் போன மன்னிப்பு

கையில் அரிவாளோடு பாதையை அடைத்து நின்ற பெண்களைக் கண்டதும் வேட்பாளர் ராஜாராம் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இருபது பேர் இருப்பார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

மணி ஐந்தரை. ஆறு மணியோடு பிரசாரம் முடிகிறது. நாளை மறுநாள் வாக்குப்பதிவு.

எல்லாம் அவருடைய வாய் செய்த வேலை. போன வாரம் போடியில் கூட்டம் முடிந்ததும், மைக்கை அணைத்துவிட்டார்கள் என்ற நினைப்பில், "மலைக்காரங்களுக்கு என்னய்யா, பிரியாணிப் பொட்டலத்தக் காட்டினா ஜீப்புல ஏறி வந்துருவாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஏலத்தோட்டத்து செல்போன் ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. மலை ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று கட்சியில் கையை விரித்துவிட்டார்கள்.

"நேர்ல போயி கால்ல விழுந்துருங்கண்ணே. வேற வழியில்ல" என்றான் உதவியாளன் ராஜ்கமல்.

ராஜாராமுக்கு வீடு, வாசல், வியாபாரம் எல்லாம் மதுரையில். தொகுதிக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்ததே மனுத்தாக்கல் செய்த அன்றைக்குத்தான். ராஜ்கமலும் அதே மதுரைதான். கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஜீப்பை எஸ்டேட் மண்பாதையில் திருப்பச் சொன்னது அவன் செல்போன். "தோட்டத்துக் குடியிருப்பு பெருசா ஒண்ணு காட்டுதுண்ணே. இருநூறு ஓட்டாச்சும் தேறும்."

வழியில் ஒரு வளைவில் பத்துப் பதினைந்து பெண்கள் கைகாட்டினார்கள். ஜீப்பின் வேகத்தைக் குறைத்த உள்ளூர் டிரைவர் முத்துப்பாண்டி, "அண்ணே, இவங்கதான் நம்ம..." என்று ஆரம்பித்தார்.

"நேரமில்ல. நீ வண்டிய மட்டும் ஓட்டு" என்றார் ராஜாராம். அதற்குப் பிறகு முத்துப்பாண்டி வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது ராஜாராம் ஜீப்பை விட்டு இறங்கினார். முன்னால் நின்றவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தாள்.

"சோலையம்மா, நீயே சொல்லிரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அய்யா, ஒரு விசயம்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நானே சொல்லிர்றேன். நான் பேசுனது தப்பு. சோறு திங்கிறவன் பேசுற பேச்சே இல்ல அது."

கூட்டம் அசையவில்லை. ஒருத்தி வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பிவிட்டு, "பிரியாணி திங்கத்தான் பொறந்தமாக்கும்" என்றாள். ராஜாராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தே முக்கால்.

இனி யோசிக்க நேரமில்லை. வெள்ளை வேட்டி, சட்டையோடு சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பதறிப்போய்த் தூக்க வந்த சோலையம்மாளின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நகத்தில் கறுப்பாக ஒரு கறை.

"ஏலக்காய் பறிச்சுப் பறிச்சுக் கறை புடிச்ச வெரலும்மா இது. இதக் கும்புட வேண்டிய வாயால உங்களக் கேவலமாப் பேசிட்டேன்" என்று அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ராஜ்கமல் மறக்காமல் வீடியோ எடுத்தான்.

"அய்யா, நாங்க என்ன சொல்ல வந்தோம்னா..."

"ரோடு வேணும், அதானே? ஆறே மாசத்துல போட்டுத் தர்றேன். ஆஸ்பத்திரியும் வரும். இந்தப் பாவியை மன்னிச்சேன்னு மட்டும் சொல்லுங்க."

வேட்டியெல்லாம் சேறாகக் கிடந்த மனிதரைப் பார்க்கச் சோலையம்மாளுக்கே பாவமாக இருந்தது. "எந்திரிங்கய்யா. நீங்க இப்பிடிக் கெடக்கக் கூடாது. மன்னிச்சாச்சு" என்றாள். மற்றவர்களும் மெல்லத் தலையாட்டினார்கள்.

ராஜாராமுக்கு இப்போது உண்மையாகவே அழுகை வந்தது. இருநூறு ஓட்டு. பிழைத்துக்கொண்டோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"மணி ஆறாயிருச்சுண்ணே. இதுக்கு மேல எங்கயும் போயி ஓட்டுக் கேக்க முடியாது" என்றான் ராஜ்கமல்.

"இனி எதுக்குப் போகணும்" என்று ஜீப்பில் ஏறியவர், மனசு கேட்காமல் தலையை வெளியே நீட்டித் தணிந்த குரலில் கேட்டார். "நாளை மறுநா எல்லாரும் வெரசா வந்து ஓட்டப் போட்டுருவீங்கள்ல, ஆத்தா?"

சோலையம்மாள் சங்கடத்தோடு முத்துப்பாண்டியைப் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஓட்டு கேரளாவுலய்யா, போட்டு ரெண்டு வாரமாச்சு."