அபிஷேகக் கூரை

பாலிக் புலா ஊரில் மத்தியான மழை வீட்டின் தகரக் கூரையை விளாசுகிறது. பூஜை மேடையில் இருக்கும் சிவலிங்கத்தின் உச்சியிலேயே, குறிபார்த்தது போல, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. வாளியோடு வரும் துளசியைக் கணவர் தயாளன் கையமர்த்துகிறார். "சாமியே அபிஷேகம் கேட்டு வாங்குறாரு. இந்தக் கூரைய எதுக்கு லா மாத்தணும்?" மூன்று வருடமாக இதே பதில். கோப்பியோடு நாற்காலியில் சாய்கிறார். வழுக்கையின் நடுவில் ஒரு சொட்டு விழுகிறது. அடுத்தது மூக்கு வழியாக இறங்கிக் கோப்பியில் கலக்கிறது. "அந்தக் கூரைக்காரன் நம்பர் எங்க?" என்று எழப்போகிறவரைத் துளசி தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைக்கிறாள். துண்டுக்குப் பதில் திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பட்டையாகப் பூசுகிறாள். "அசையாதீங்க. அபிஷேகம் பாதியில நிக்கக் கூடாது."