சத்தமாய் ஒரு கேள்வி

“ஏம்மா, நாள் தள்ளிப் போயிருக்கா?”

மருந்துக்கடைக்காரர் கேட்டது வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. தெருவில் அவருக்கு ‘ஒலிபெருக்கி’ என்றுதான் பெயர். அவரிடம் இருமல் மருந்து வாங்கினாலே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

“மாத்திரையைக் குடுங்க சார், பஸ்சுக்கு நேரமாகுது.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. குழந்தை உண்டா?”

“கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு. இல்லை. போதுமா?”

“போதாது. டாக்டர் சிவப்பு மையில எழுதியிருக்காரே, டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு. பண்ணியா?”

பண்ணவில்லை. அந்த டெஸ்டை இருபது தடவை பண்ணி, இருபது தடவையும் ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுதவள் அவள். போன வருஷத்தோடு அதைத் தலைமுழுகியாகிவிட்டது. தேதி எண்ணுவதையும் விட்டுவிட்டாள்.

டாக்டர் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். உதடு வெடிக்கும், முடி கொட்டும், வயிற்றில் கரு இருந்தால் ஊனமாகிவிடும், மாத்திரையை விட்ட பிறகும் மூன்று வருஷம் குழந்தை கூடாது. எட்டு வருஷமாய் வராதது மூன்று வருஷத்திலா வந்துவிடப் போகிறது என்று கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு வேண்டியது தோல். உள்ளங்கை முதல் முழங்கை வரை செதில் செதிலாய் உதிர்கிறது. துணிக்கடையில் பில் போடும் மேஜையை நிமிஷத்துக்கு ஒருமுறை துடைக்கிறாள். காசை அவள் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கிறார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து கிடங்கு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

“டெஸ்ட் பண்ணாம இந்த மாத்திரை என் கையால வராது. களிம்பை மட்டும் எடுத்துட்டுப் போ.”

“நீங்க மருந்து விக்கறீங்களா, விசாரணை நடத்தறீங்களா?”

“ரெண்டும்தான்.”

களிம்பைக் காகிதப் பையில் போட்டு, சீட்டோடு அவள் பக்கம் தள்ளினார். “அடுத்தது யாரு?”

எதிரே இருந்த இன்னொரு மருந்துக்கடையில் ஏறினாள். அங்கே ஓர் இளைஞன். “வாங்க மேடம், உட்காருங்க” என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினான். ஒரு கேள்வி இல்லை. சீட்டைப் பார்த்தான், மாத்திரை அட்டையை எடுத்து வைத்தான், சிரித்தான். மனுஷன்னா இவன் மனுஷன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

“நாலு பேர் முன்னாடியா கேட்டான்? நாளைக்கே நானும் வர்றேன். நறுக்குனு நாலு வார்த்தை கேக்கறேன்.”

“எட்டு வருஷம்னு சொல்ல வெச்சுட்டாருங்க. எல்லார் முன்னாடியும்.”

மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. டம்ளரில் தண்ணீர் எடுத்து வைத்தாள். கை நமநமவென்று அரித்தது. முதலில் களிம்பு தடவலாம் என்று பையைக் கவிழ்த்தாள்.

களிம்போடு இன்னொன்றும் விழுந்தது. கர்ப்பம் பார்க்கிற அட்டை. அவள் கேட்கவும் இல்லை, அவர் பில் போடவும் இல்லை.

“திமிரைப் பாரு!” என்றான் கணவன். “தூக்கிக் குப்பையில போடு.”

“இல்ல, பண்றேன். பண்ணிட்டு, அந்த ஒத்தைக் கோட்டை வரிசையில நிக்கறவங்க முன்னாடியே அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்.”

குளியலறைக் கதவை அறைந்து சாத்தினாள்.

கணவன் மேஜைக்கும் கதவுக்குமாய் நடந்தான். “ஆச்சா?” என்று கதவைத் தட்டினான்.

“அட, விடும்மா. நமக்குத் தெரியாததா?”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் அட்டை. அதில் இரண்டு கோடு.

“அஞ்சு நிமிஷங்க” என்றாள். “இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா மாத்திரை உள்ள போயிருக்கும்.”

அப்புறம் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சொறிந்தாள். கிடங்குதானே, இருந்துவிட்டுப் போகட்டும். உதிர்கிறவரை உதிரட்டும்.

காலண்டரை எடுத்து நாளை எண்ணியவன் கணவன்தான். மூன்று தடவை எண்ணினான்.

மறுநாள் காலை இருவரும் மருந்துக்கடை வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கத்தினாள்.

“ஆமா சார்! நாள் தள்ளிப் போயிருக்கு! நாப்பத்திரண்டு நாள்!”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

கடைக்காரர் கையை நீட்டினார். “எதிர்க்கடையில வாங்கினதை எடு.”

கொடுத்தாள். அட்டையில் ஒவ்வொரு மாத்திரையாய் விரலால் தடவி எண்ணினார். பத்தும் இருந்தன. இன்னொரு தடவை எண்ணினார். அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நீ எதிர்க்கடையில ஏறினதைப் பார்த்ததும் கடையைப் போட்டுட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லம்மா.”

ஒலிபெருக்கி சொன்னது, பக்கத்தில் நின்ற கணவனுக்குக்கூடக் கேட்கவில்லை.