கடைவாய்ப் பல்லின் எண்

தெருவில் அவளுக்குக் கல்லு டாக்டர் என்று பேர். எரிமலைக் கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தாளானால், வரும் எண்ணை வைத்தே அது பூமிக்குள் எங்கே உருகிய குழம்பு என்று சொல்லிவிடுவாள். பல்லுக்கும் அதே கணக்குத்தான். சின்ன வயதில் குடித்து வளர்ந்த தண்ணீரின் எண் அதில் தங்கிவிடும்.

பல் டாக்டர் பிடுங்கிக் கொடுத்த கணவரின் கடைவாய்ப் பல்லை விளையாட்டாகத்தான் கற்களோடு சேர்த்து அளந்தாள். மனுஷர் கடலோரத்தில் வளர்ந்தவர்; கடலுக்குரிய எண் வந்திருக்க வேண்டும். வந்ததோ, பக்கத்துக் குப்பியிலிருந்த கறுப்பு எரிமலைக் கல்லின் எண். மேல்மண் எதுவும் கலக்காமல் பூமியின் அடியாழத்திலிருந்து நேராக மேலே பீறிட்ட கல் அது.

கூட வேலை பார்ப்பவள்தான் குறும்புக்குக் குப்பியை மாற்றியிருப்பாள் என்று அவளை ஒரு பிடி பிடித்தாள்.

"உன் புருஷன் பல்லை நான் எதுக்குடி தொடப்போறேன்?" என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

கல்லு டாக்டர் மீதிப் பல்லை யாரையும் கிட்டே விடாமல் தானே பொடித்து அளந்தாள். கடைசி இலக்கம் வரைக்கும் அதே எண்.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள்.

"சின்ன வயசுல எங்க இருந்தீங்க?"

"எத்தனை தடவை சொல்றது? கடலோரம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

அவர், தளதளவென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்த டீயை, ஊதாமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"ஆறிப்போச்சு. இன்னும் கொஞ்சம் சூடா குடு."

கை நீட்டி வாங்கினாள். வெறும் டம்ளர், அவள் கொடுத்தபோது சுட்டதைவிட அதிகமாகச் சுட்டது.